வன்னிச் சிறுவர் இல்லங்களில் இரவு நேரப் பாதுகாப்பை உறுதிப்படுத்தக் கோரும் மனு

மாகாண ஆணையாளர் அவர்கள்,
நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம்,
வடக்கு மாகாணம்.

விடயம்: சிறுவர் இல்லங்களின் படுக்கைக் கூடங்களுக்கு இரவு நேரச் சுகாதார, பாதுகாப்பு விதிகளைச் சுற்றுநிருபமாக வெளியிடக் கோரல்

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களைச் சேர்ந்த நாங்கள் இந்த மனுவை எழுதுகிறோம். எங்களில் சிலர் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தவர்கள். சிலர் இன்றைக்கும் தங்கள் பிள்ளையை இல்லத்தில் விட்டிருக்கும் தாய்மார். 2009க்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் படுக்க இடமும் தந்தவை இந்த இல்லங்கள்தான். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அவற்றை மூட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கே உறங்கும் பிள்ளைகள் காலையில் பத்திரமாக எழும்ப வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

உங்கள் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இல்லங்களைப் பார்வையிட வருகிறார்கள். சமையலறை, கிணறு, மலசலகூடம், பதிவேடு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஆனால் வருவது பகலில். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அதே கட்டடம் எப்படி இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. எங்களில் பலர் வளர்ந்த கூடங்களில் யன்னல்களுக்கு அசையாத இரும்புக் கம்பி, ஒரே ஒரு வாசல், அதற்கு வெளிப்பக்கமாகப் பூட்டு. திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவர் வேறு கட்டடத்தில் படுத்திருப்பார். பெண்பிள்ளைகளின் இல்லங்களில் இந்தப் பூட்டு ஏன் வந்தது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். யுத்தத்துக்குப் பிந்திய வருடங்களில் வன்னியில் எந்தத் தாய்தான் பயமில்லாமல் உறங்கினாள்? ஆனால் வெளியாளுக்குப் பயந்து போட்ட பூட்டு, உள்ளே தீப்பிடித்தால் பிள்ளையின் உயிரையே எடுத்துவிடும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அயர்லாந்தின் கேவன் நகரில் 1943 பெப்ரவரி 23ஆம் திகதி இரவு ஓர் அநாதை இல்லத்தின் சலவை அறையில் பிடித்த தீயில் 35 சிறுமிகளும் ஒரு வயோதிபப் பெண்ணும் இறந்தார்கள். ஊர்மக்கள் உதவிக்கு ஓடி வந்தார்கள். உள்ளே போனவர்களுக்குப் பிள்ளைகள் படுத்திருந்த இடத்துக்கு வழி தெரியவில்லை. கொண்டுவந்த ஏணிகளும் மாடிக்கு எட்டவில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1890ஆம் ஆண்டு பிறந்த இரவில், லண்டனின் ஃபொரஸ்ட் கேட்டில் வறிய பிள்ளைகளின் விடுதிப் பள்ளி ஒன்றில் 26 சிறுவர்கள் தீயில் மாண்டிருந்தார்கள். பழைய காலம் என்று இவற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. 2017 மார்ச்சில் குவாத்தமாலாவில் அரசு நடத்திய இல்லத்தில், பூட்டிய அறைக்குள் 41 சிறுமிகள் எரிந்து போனார்கள். 2004இல் கும்பகோணத்தில் சமையல் கொட்டிலில் தொடங்கிய தீ ஓலைக்கூரைக்கு ஏறி 94 பள்ளிப் பிள்ளைகளைக் கொன்றதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் இல்லங்கள் சிலவற்றில் கிடுகு வேய்ந்த அடுப்படி இன்றைக்கும் படுக்கைக் கூடத்தோடு ஒட்டியபடியே இருக்கிறது.

கேவனில் நடந்தது எங்களை அதிகம் உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. கடைகள் எரிந்து முடிந்தன. இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கலாம். என்றாலும் உள்ளூர்க் குச்சொழுங்கையில், காட்டோரத்தில் இருக்கும் ஓர் இல்லத்துக்கு நள்ளிரவில் முதலில் ஓடி வரப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்த அயலவருக்கு வாசல் எது, திறப்பு எங்கே, சின்னப் பிள்ளைகள் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டாமா? அயலவரையும் சேர்த்து இரவுநேரத் தீ ஒத்திகை நடத்தினால் இதற்குப் பெரிய செலவே இல்லை.

தீயைவிட அடிக்கடி வரும் ஆபத்து ஒன்றும் வன்னியில் இருக்கிறது. அது பாம்பு. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களையே பெரும்பாலும் கடிக்கும். கடி வலிக்காது, அடையாளமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் பிள்ளை வயிற்றுநோ என்று அழும், கண்ணிமை மெல்லச் சரியும். இது தெரியாத பராமரிப்பாளர் வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார். மூச்சுத் தசைகள் செயலிழக்கும் வரை நேரம் போய்விடும். கட்டிலும், விளிம்பை மெத்தைக்குக் கீழே செருகிய நுளம்பு வலையும் இந்தக் கடியை வெகுவாகத் தடுக்கும். டெங்குக்குப் பகலில் கடிக்கும் நுளம்பையும் பார்க்க வேண்டும், அது வேறு விடயம். நாங்கள் கேட்பது, நிலத்தில் படுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டில். உடனடியாக முடியாவிட்டால் முதலில் வலையாவது கொடுங்கள். அத்தோடு, விடிகாலை வயிற்றுநோ என்று சொல்லும் பிள்ளையைத் தாமதிக்காமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்ற அறிவுறுத்தலையும் ஒவ்வொரு பராமரிப்பாளருக்கும் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதக் கூச்சம்தான், ஆனால் யாரும் சொல்லாததால்தான் அது இன்னும் தொடர்கிறது. மலசலகூடம் முற்றத்தின் கடைசியில், வெளிச்சம் இல்லாமல் இருந்தால் பெண்பிள்ளைகள் பின்னேரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இரவில் அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகும்போது தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லி அனுப்புவார்கள். மாதவிடாய் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். கூடத்தோடு சேர்ந்த ஒரு மலசலகூடம், ஒரு மின்குமிழ், மூடியுள்ள ஒரு வாளி. இவ்வளவும் இருந்தால் தீர்ந்துவிடும். சொறியும் பேனும் கூட நெருக்கிப் போட்ட பாய்களில்தான் பரவுகின்றன. கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகளில் காற்றோட்டமில்லாத நெரிசலான கூடங்களையும் காசநோயையும் பற்றி வைத்தியர் பீட்டர் பிரைஸ் 1907இலேயே அறிக்கை எழுதினார். அதை அரசு கிடப்பில் போட்டது, பிள்ளைகள் தொடர்ந்து இறந்தார்கள்.

இங்கிலாந்து 1948இல் சிறுவர் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, 1951இல் இல்லங்களுக்கென்று தனி விதிகளை எழுதியது. ஒவ்வோர் இல்லத்துக்கும் பொறுப்பான வைத்தியர், மாதம் ஒருமுறையாவது வெளியிலிருந்து ஒருவரின் பார்வையிடல், தீயணைப்பு அதிகாரிகளோடு ஆலோசனை, தீ ஒத்திகை என்பவை அதில் இருந்தன. எங்கள் நாட்டில் அநாதை இல்லங்களுக்கான கட்டளைச் சட்டம் 1941இலேயே வந்தது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரையும் பாதுகாப்பு, சுகாதாரம், போதிய ஊழியர்கள், மேற்பார்வை ஆகியவற்றை இல்லங்களுக்குக் கட்டாயமாக்குகிறது. ஆகவே புதிதாகச் சட்டம் செய்யும்படி உங்களைக் கேட்கவில்லை. இருப்பதை இரவுக்கும் கொண்டு வாருங்கள் என்கிறோம்.

எனவே, படுக்கைக் கூடங்களை வெளிப்பக்கமாகப் பூட்டுவதைத் தடைசெய்து, உள்ளிருந்து பிள்ளையே திறக்கக்கூடிய தாழ்ப்பாளும், ஒரு யன்னலிலாவது திறக்கக்கூடிய கம்பிக் கதவும் பொருத்தும்படி சுற்றுநிருபம் ஒன்றை வெளியிடுங்கள். பிள்ளைகளோடு அதே கட்டடத்தில் விழிப்பாக இருக்கும் ஒருவரை இரவுக் கடமைக்கு விடச் சொல்லுங்கள். வெளியாள் பயத்துக்கு அதுதான் சரியான மறுமொழி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உங்கள் உத்தியோகத்தரும் சேர்ந்து, முன்னறிவித்தல் இல்லாமல், இரவிலும் வந்து பார்க்க வேண்டும். விதிகள் பிள்ளைகள் வாசிக்கக்கூடிய தமிழில், 1929 என்ற முறைப்பாட்டு இலக்கத்தோடு கூடச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். சிறிய இல்லங்களிடம் இதற்குப் பணம் இல்லை என்பதும் உண்மை. அவற்றைத் தண்டிக்காமல், கதவுக்கும் கட்டிலுக்கும் மாகாண நிதியிலிருந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தாழ்ப்பாள் மாற்றுவது ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. அதை மழைக்காலத்துக்கு முன்பே செய்ய உத்தரவிடுங்கள். மற்றவற்றுக்கு எவ்வளவு காலம் தேவை என்பதை எழுத்தில் எங்களுக்கு அறியத்தரும்படி வேண்டுகிறோம். நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
வன்னிச் சிறுவர் இல்லங்களில் வளர்ந்தவர்களும் பெற்றோரும்

பிரதிகள்: மாவட்டச் செயலாளர்கள், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள்