ஒரே நாளில் நாலு குகை வேண்டாம்: கோடைச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களில் கோடைச் சுற்றுலாவைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் மலைப்பகுதி தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்டின் ஹோப் பள்ளத்தாக்குக்குப் போவதென்று முடிவாகிவிட்டதா? நல்ல முடிவு. ஆனால் "நாலு குகை, ஒரு கோட்டை, ஒரு மலை, திரும்பும்போது அணைக்கட்டு" என்று அறிக்கை அனுப்பிவிடாதீர்கள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். நிலத்துக்கு அடியிலும் மலைக்கு மேலும் இருக்கிற இடங்களுக்கு மைல் கணக்கு உதவாது. படிக்கணக்குதான் பார்க்க வேண்டும்.

முதலில் கோச், அதாவது சுற்றுலாப் பேருந்து, விஷயம். பள்ளத்தாக்கில் குகைகள் இருக்கும் காசில்டன் ஊருக்கு மேலே நிற்கும் மாம் டோர், 517 மீட்டர் உயரத்தில், ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும் மலை. மேலே மணற்கல், அடியில் இளகிய களிப்பாறை. மழைநீர் இறங்க இறங்க அடிப்பாறை வலுவிழந்து சரிவு கீழே வழுக்கும். அதன்மேல் ஓடிய ஏ625 சாலையைத் திரும்பத் திரும்பத் தார் போட்டு ஒட்டிப் பார்த்தார்கள். மலை விடவில்லை. 1979இல் சாலையையே மூடினார்கள். இன்று அந்த உடைந்த சாலைதான் பள்ளத்தாக்கிலேயே மிகச் சிறந்த காட்சி, அதுவும் இலவசம். அடுக்கடுக்காகப் போட்ட தார், வெட்டி வைத்த கேக்குபோல் பிளந்து, நடுக்கோட்டு வெள்ளையோடு சாய்ந்து கிடக்கும். பிள்ளைகள் ஏறிக் குதிக்க இதைவிட நல்ல இடம் அங்கே இல்லை. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்த உடைப்பால் வரும் சிக்கல் ஒன்றுண்டு. ட்ரீக் கிளிஃப் குகை உடைப்புக்குக் கீழே, புளூ ஜான் குகை மேலே. நடந்தால் கொஞ்ச தூரம். கோச்சுக்கோ வழியே இல்லை. மாற்றுப் பாதையான வின்னட்ஸ் கணவாய் ஐந்தடி போனால் ஓரடிக்கும் மேல் ஏறும் செங்குத்தான, குறுகலான மலையிடுக்கு. எடை வரம்பும் உண்டு. புளூ ஜானுக்கு கோச் சாப்பல்-என்-லெ-ஃப்ரித் பக்கமாகச் சுற்றித்தான் வரவேண்டும். இரண்டு குகைக்கும் அடுத்தடுத்த நேரத்தில் சீட்டு வாங்கினால் இரண்டாவது சீட்டு வீண்.

புளூ ஜானில் இருநூறுக்கு மேற்பட்ட படிகள். இறங்குவது சுகம், அதே படிகளில்தான் ஏறி வரவேண்டும் என்பதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்பீட்வெல் குகையில் நூறு படி இறங்கினால் படகு காத்திருக்கும். 1770களில் ஈயம் தேடிக் குடைந்த சுரங்கம் அது. ஈயம் அதிகம் கிடைக்கவில்லை, நீர் நிரம்பிய வாய்க்கால்தான் மிச்சம். கூரை தலைக்கு மேல் உரசும், தலைக்கவசம் தருவார்கள். இருட்டும் இடுக்கும் ஒவ்வாதவரை அந்தப் படகில் ஏற்றாதீர்கள். நடுவழியில் இறங்க முடியாது.

ஒரே ஒரு குகை என்றால் பீக் கேவர்ன் போங்கள். ஊருக்குள்ளிருந்து ஆற்றோரமாகச் சில நிமிட நடை. பிரிட்டனின் மிகப் பெரிய இயற்கைக் குகைவாய் அது. அதனுள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்து, ஏறக்குறைய 400 ஆண்டுகள் கயிறு திரித்தார்கள். அவர்களின் அடுப்புப்புகை படிந்த கரி கூரையில் இன்னும் இருக்கிறது. உள்ளே ஓரிடத்தில் எல்லோரும் முதுகை மடக்கித்தான் நடக்க வேண்டும். அதற்கு வைத்த பெயரே லம்பேகோ வாக், அதாவது இடுப்புவலி நடை. வெள்ளநீர் வடியும்போது எழும் சத்தத்தால் குகைக்குச் சாத்தானின் பின்புறம் என்ற பழம்பெயர் உண்டு. பலகையிலும் அப்படியே போட்டிருப்பார்கள். பிள்ளைகள் நாள் முழுக்கச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் குகைக்குள் 10 டிகிரியை ஒட்டித்தான் குளிர். ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்வெட்டர், பிடிமானமுள்ள ஷூ. செருப்பு ஈரக்கல்லில் வழுக்கும், நீளப் புடவை படியில் தடுக்கும். கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி உதவாது, தூக்கும் பை கொண்டு வரச் சொல்லுங்கள். காசில்டனுக்கு மேலே இருக்கும் பெவரில் கோட்டையை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து: 1176இல் மன்னர் இரண்டாம் ஹென்றி எழுப்பிய கோபுரம் அருமையானதுதான், ஆனால் வளைந்து வளைந்து ஏறும் செங்குத்துப் பாதை, குகைப்படி ஏறிய கால்களுக்குத் தாங்காது.

அணைக்கட்டு என்று சொல்லும் லேடிபவர் நீர்த்தேக்கத்தைக் கோடைத் திட்டத்தில் சேர்ப்பது ஏமாற்றம்தான் தரும். எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படுவது, 24 மீட்டர் அகலத்தில் மிகுநீரை விழுங்கும் அந்த இரண்டு வட்டமான கல்வாய்களை. நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தால்தான் அவை விழுங்கும். அது பெரும்பாலும் குளிர்காலத்தில், அல்லது தொடர்மழைக்குப் பிறகு. ஜூலையில் காய்ந்த கல்தான் தெரியும்.

ஆகவே காலையில் பீக் கேவர்ன், கையோடு கொண்டுபோன புளியோதரை, மதியம் உடைந்த சாலை. நடக்க முடிந்தவர்கள் மட்டும் அங்கிருந்து மாம் டோர் உச்சிக்கு. மற்றவர்கள் ஊரிலேயே கடைகளில், இங்குள்ள குகைகளில் எடுக்கும் கோடுபோட்ட அலங்காரக் கல்லான புளூ ஜானைப் பார்க்கலாம். வாங்குவதானால் விலையை முதலில் கேளுங்கள், சின்ன பதக்கமே கனமான விலை. ரயிலில் வருகிறவர்கள் இறங்கவேண்டியது ஹோப் நிலையம். காசில்டனில் நிலையம் கிடையாது, ஹோப் நிலையத்திலிருந்து காசில்டன் 3 கிலோமீட்டருக்கு மேல். குகைச்சீட்டைக் குழுவாக முன்பதிவு செய்யும்போது, அன்று திறந்திருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கனமழை பெய்தால் உள்ளே வெள்ளம் புகுந்து சில பகுதிகளை மூடிவிடுவார்கள்.

அன்புடன்,
பள்ளத்தாக்கை அறிந்த தமிழ் நடையாளர்கள்