படம்தானே மாறிப்போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காயம் ஆறுவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் மாறிப்போய், பிறகு திருத்தம் வெளியாவதைப் பற்றி சென்ற ஞாயிறு எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் ‘இவை பெரும்பாலும் சிறு பிழைகளே, ஆய்வின் முடிவைப் பாதிப்பதில்லை’ என்று ஒரு வரி போட்டீர்களே, அதைப் படித்த பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை.

இந்த ஆய்வுகளில் படம் அலங்காரத்துக்குப் போடுவதில்லை. கணக்கே அதிலிருந்துதான் வருகிறது. எலியின் முதுகில் முடியை மழித்து, வட்டமாகத் தோலை வெட்டி எடுப்பார்கள். நாலாம் நாள், எட்டாம் நாள் என்று படம் எடுத்து, காயத்தின் ஓரத்தைக் கணினியில் வரைந்து, பரப்பு எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பார்கள். தட்டில் வளர்க்கும் செல்கள் என்றால் பிப்பெட் என்ற, திரவம் உறிஞ்சும் குழாயின் முனையால் ஒரு கீறல் போட்டு, 0 மணி, 24 மணி படங்களில் இடைவெளியை அளப்பார்கள். களிம்பு போடாத எலியின் படமே களிம்பு போட்ட எலியின் இடத்தில் வந்து உட்கார்ந்தால், அளந்தது எந்தப் படத்தை? அதைக் கேட்காமல், ‘முடிவு மாறவில்லை’ என்று கட்டுரை எழுதியவர்களே கொடுத்த நற்சான்றிதழை அப்படியே அச்சிடலாமா?

ஒரு பார்மசி கல்லூரியின் எலிக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். காயத்தின் பக்கத்தில் ஸ்கேலும், எலியின் எண் எழுதிய சீட்டும் வைத்துப் படம் எடுப்பேன். அச்சுக்குப் போகும்போது இரண்டையும் வெட்டிவிடுவார்கள். பார்க்க அழகாக இல்லையாம்! அப்படி வந்த ஒரு கட்டுரையில் ஒரே காயத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு குழுக்களில் காட்டியிருந்தார்கள். ஓரத்தில் காய்ந்திருந்த ரத்தத் திட்டை வைத்துக் கண்டுபிடித்துச் சொன்னேன். “இதையெல்லாம் யாருய்யா உத்துப் பார்க்கப் போறா?” என்றார் பேராசிரியர். நன்றியுரையில்கூடப் பெயர் இல்லாதவன் பேச்சு எடுபடுமா?

உற்றுப் பார்க்க ஆள் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைப் படங்களில் கோளாறு தேடும் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 20,621 கட்டுரைகளைக் கண்ணால் சலித்ததில் 3.8 சதவீதத்தில் கோளாறான படங்கள் இருந்தன. அவற்றில் பாதியாவது வேண்டுமென்றே செய்தது போலத் தெரிந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. கோப்புப் பெயர் குழம்பி உண்மையிலேயே மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதற்குத்தான் மூலப் படங்களை வாங்கிப் பார்க்க வேண்டும், திரும்ப அளக்க வேண்டும். புதுப் படத்தை ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது திருத்தமா? மஞ்சள் காயம் ஆற்றும் என்று அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமையை 1997-ல் நாம் ரத்து செய்ய வைத்தது பழைய ஆவணங்களைக் காட்டித்தான். ஆதாரம் என்பது அடுத்தவனை மடக்க மட்டும்தான் போலிருக்கிறது, நம் கட்டுரைகளுக்கு வேண்டாம்.

எழுத உட்கார்ந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ‘சர்க்கரைப் புண்ணை ஆற்றும் மூலிகை’ என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். ஆறியது எலியின் புண். எலித்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசை உண்டு, அதனால் காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும். நமக்கு அப்படியில்லை, புதுச் சதையும் தோலும் வளர்ந்து வர வேண்டும். அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, என் அக்கா வீட்டுக்காரர் கால் புண்ணில் இலையை அரைத்துக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். அதற்கு இடமில்லை, ராசிபலனுக்கு இருந்தது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த மூலிகைச் செய்தி உங்கள் இணையதளத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது. தலைப்பில் ‘எலிகளில்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஞாயிறு கட்டுரையின் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
மதுரை.