நூறில் ஐந்தாறு

அன்பு மகளுக்கு,

"இதய ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்திருந்தால் எதையாவது கொடுத்துக் கரைத்துவிட முடியாதாப்பா?" என்று போனில் கேட்டாய். ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்த நேரம், சிரித்து மழுப்பிவிட்டேன். இத்தனை வருடம் லேபில் ரத்தம் பார்த்தவன், உனக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அடைப்பு, குழாயின் உட்புறத்தில் ஒட்டிய அழுக்கு இல்லை. சுவருக்குள்ளேயே வளர்வது. கொழுப்போடு நம் வெள்ளணுக்களும் அதில் கிடக்கின்றன.

சின்ன வயதில் மைக்ரோஸ்கோப்பில் மோனோசைட் என்ற வெள்ளணுவைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? லீஷ்மன் சாயத்தில் சாம்பல் நீலமாக, அவரை விதை மாதிரி ஒரு பக்கம் குழிந்த உட்கருவோடு இருக்கும். நூறு வெள்ளணு எண்ணினால் ஐந்தாறு வரும். எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுப்பேன். அது ரத்தத்தை விட்டு எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

குழாய் கிளை பிரியும் இடங்களில் ரத்தம் சுழித்து ஓடும். அங்கேதான் எல்டிஎல், அதாவது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் துகள், சுவருக்குள் அதிகம் தங்கி, ஆக்சிஜன் பட்டுக் கெடுகிறது. உடனே உட்பூச்சு செல்கள் பசை போன்ற புரதங்களை நீட்டி, போகிற மோனோசைட்டை இழுத்துப் பிடிக்கின்றன. உள்ளே போனதும் அது மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்லாக மாறி, கெட்டுப்போன எல்டிஎல்லைத் தின்னத் தொடங்குகிறது. கெடாத எல்டிஎல் என்றால், வயிறு நிறைந்ததும் செல் வாசலைக் குறைத்துக்கொள்ளும். கெட்டதை வாங்கும் வாசலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தின்று தின்று உடம்பெல்லாம் கொழுப்புக் குமிழாகிவிடும். அதற்கு நுரை செல் என்றே பெயர். பெருக்க வந்தவனே குப்பையாகிவிட்டான், பார்! செத்த நுரை செல்களை அள்ள ஆளில்லாதபோது அவை நடுவில் கூழாகத் தேங்குகின்றன.

அந்தக் கூழின் மேல் தசைச் செல்கள் நாரால் ஒரு மூடி போடும். அதையும் மேக்ரோஃபேஜின் என்சைம்கள் அரிக்கின்றன. டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் புது நார் உருவாகவிடாமல் தடுக்கின்றன. மூடி கிழிந்தால், பிளேட்லெட்டுகள் (ரத்தத் தட்டணுக்கள்) காயம் என்று நினைத்து ஓடிவந்து ரத்தத்தை உறையவைக்கும். எனக்கு அன்று விடியற்காலையில் நடந்தது அதுதான்.

சரி, வெள்ளணுவை அடக்கினால் போதாதா என்பாய். 2017இல் கேன்டோஸ் என்ற ஆய்வில் வெள்ளணுக்கள் கிளப்பும் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். எல்டிஎல் குறையவில்லை, ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தது. கூடவே, தொற்று வந்து இறந்தவர்கள் அதிகமானார்கள். காவல்காரனைக் கட்டிப்போட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே. அதனால்தான் எல்டிஎல்லைக் குறைக்கும் மாத்திரையை நான் விடுவதில்லை.

உனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை என்று அம்மா சொல்கிறாள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953இல் எழுதினார்கள். சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு இதயக் குழாயில் இந்த அடைப்பு ஏதோ ஓர் அளவில் தொடங்கியிருந்தது.

அப்புறம், உன் லிப்பிட் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. போன தடவை மாதிரி மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் வாயால் சொல்லித் தப்பிக்காதே. எல்டிஎல் வரி எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா