சாட்சி சொல்லக் கற்றுத் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், சுவிசேஷப் பயிற்சி வகுப்பு நடத்துகிற சகோதர சகோதரிகளுக்கும்,

ஸ்தோத்திரம்.

போன வகுப்பு முடிந்தபோது எங்கள் எல்லோர் கையிலும் ஒரு படிவம் கொடுத்தீர்கள். அதில் இரண்டு கட்டங்கள். இந்த மாதம் எத்தனை பேரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினீர்கள் என்பது ஒன்று. அவர்களில் எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. படிவம் இன்னும் என் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு முறை விசாரித்தீர்கள். அதற்கான பதில்தான் இந்த மடல். உங்களை நேரில் பார்த்துச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வேறு சபைகளில் இதே மாதிரி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் சிலர் என்னிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

சுவிசேஷம் சொல்லக் கூடாது என்று நினைக்கிறவள் இல்லை நான். என்னைத் தாங்குகிறவரைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் அது எனக்கே பொறுக்காது. அந்த ஆசையில்தான் உங்கள் வகுப்பில் சேர்ந்தேன். இயேசு நம் வாழ்க்கையில் செய்ததை மூன்று நிமிடத்தில் சாட்சியாகச் சொல்வது எப்படி, எந்த வசனத்தை எந்த இடத்தில் வைப்பது, எதிராளி இப்படிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று பொறுமையாகக் கற்றுக் கொடுத்தீர்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து வந்தும், ஒரு வாரம்கூட வகுப்பை நிறுத்தாமல் நடத்தினீர்கள்.

ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்குள் என் கதை அடங்கவில்லை.

என் தங்கையை உங்களில் சிலருக்குத் தெரியும். அவள் நோயில் படுத்திருந்த பதினான்கு மாதமும் நாங்கள் ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம், சபையே கூடி மன்றாடியது. அவள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆலயத்துக்கு வந்து உட்காருவேன், பாட்டுப் பாட வாய் வராது. அந்த இருட்டிலும் யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு தரிசனமும் இல்லை, குரலும் இல்லை. நான் பேசாத நாட்களிலும் அவர் என்னை விட்டுப் போகவில்லை. என் சாட்சி அவ்வளவுதான்.

இதை வகுப்பில் எழுதிக் கொடுத்தபோது, தங்கை இறந்த பகுதியை எடுத்துவிடச் சொன்னார்கள். கேட்கிறவர்களுடைய விசுவாசம் தளர்ந்துவிடுமாம். சுகம் கிடைத்த வேறொரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். சரி, பெரியவர்கள் சொல்கிறார்கள், விஷயம் தெரிந்துதான் சொல்வார்கள் என்று எடுத்துவிட்டேன்.

அதன் பலனை வேலை செய்யும் இடத்தில் பார்த்தேன். என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண், என்னைவிடச் சில வயது சின்னவள், கிறிஸ்தவள் இல்லை. அவளுடைய அம்மா கடுமையான நோயில் இருந்த சமயம் அது. ஒரு நாள் மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "அக்கா, நீங்கள் அவ்வளவு ஜெபம் பண்ணியும் உங்கள் தங்கை போய்விட்டாளே. அப்புறமும் எப்படி நம்புகிறீர்கள்?"

ஒரு விசுவாசியின் வாழ்நாளில் இப்படி ஒரு கேள்வி எத்தனை முறை வரும்? யாரும் தூண்டாமல், தன் வலியிலிருந்து அவளாகவே கேட்டாள். நானோ மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். மனிதனுடைய பாவம், சிலுவை, மன்னிப்பு, தீர்மானம். வசனங்களையும் வரிசை தப்பாமல் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி அக்கா" என்று எழுந்து போனாள். அதன் பிறகு பல மாதம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் கேட்டதற்குத்தான் அதில் பதில் இல்லை.

அன்று இரவு யோவான் சுவிசேஷத்தை எடுத்து வாசித்தேன். ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் வருகிறானே, அவனை எத்தனை பேர் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்! உன்னைக் குணமாக்கினவர் எங்கே என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறான். அவர் பாவியா என்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியாது என்கிறான். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." வேதத்திலேயே மிக அழகான சாட்சிகளில் ஒன்றைச் சொன்னவன் இரண்டு முறை தெரியாது என்று சொல்லியிருக்கிறான். நம் வகுப்பில் அந்த வார்த்தையைச் சொல்லவே விடவில்லை. எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும் என்றுதான் பழக்கினோம். தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறவன்தானே சாட்சி? கண்டதைவிட அதிகம் சொன்னால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது பொய்ச்சாட்சியின் பக்கம் சாய்ந்துவிடும். பத்துக் கட்டளைகளில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது.

அப்படியே பதினோராம் அதிகாரத்துக்கு வந்தேன். லாசரு செத்துப்போனான். மார்த்தாள் இயேசுவுக்கு எதிர்கொண்டு போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்க மாட்டானே என்கிறாள். பின்னாலேயே மரியாளும் வந்து அதையேதான் சொல்கிறாள். இரண்டு சகோதரிகளின் மனத்தாங்கலையும் சுவிசேஷம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. இயேசுவும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, கண்ணீர் விட்டார். லாசரு எழுந்து வந்தான், என் தங்கை வரவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பவுலைப் பாருங்கள். தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதாகவும், அது நீங்கவில்லை என்றும் கொரிந்தியருக்கு அவரே எழுதுகிறார். தன் கூட்டாளியான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டு வந்தேன் என்று தீமோத்தேயுவுக்கும் எழுதுகிறார். இந்த வரிகளால் யாருடைய விசுவாசம் தளர்ந்துபோனது? எனக்கு அவைதான் பிடிமானமாக இருந்தன.

இனி அந்த இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்ற கட்டம்.

ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்காவை எல்லோருக்கும் தெரியும். மகன் வேறு மார்க்கத்தில் போய்விட்டான் என்று அழுது அழுது, ஒரு பேராயரிடம் போய், அவனோடு பேசி அவன் மனதை மாற்றுங்கள் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். இப்போதைக்கு அவனை விட்டுவிடு, அவனுக்காகக் கர்த்தரிடம் ஜெபம் மட்டும் பண்ணு என்றார். அவள் விடாமல் வற்புறுத்தியபோதுதான், இவ்வளவு கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார். இதை அகஸ்டினே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். அவர் மனம் திரும்பியது 386ல். அடுத்த வருடம் மிலான் நகரில் அங்கே பேராயராக இருந்த அம்புரோசியுவின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். நடுவில் போனவை எத்தனையோ வருடங்கள். பேச மறுத்த அந்தப் பேராயருடைய மாதாந்தர அறிக்கையில் என்ன எழுதுவது? மோனிக்காவின் அறிக்கையில்தான் என்ன எழுதுவது?

இன்னொன்றும் சொல்கிறேன். எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் வெகுகாலம் கடவுளை நம்பாதவராக இருந்தவர். கடவுள் உண்டு என்ற இடத்துக்கு வந்த பிறகும் கிறிஸ்துவை அவரால் ஏற்க முடியவில்லை. எழுத்தாளர் டோல்கீன் அவருக்கு 1926 முதல் பழக்கம். 1931 செப்டம்பரில் ஓர் இரவு டோல்கீனும் இன்னொரு நண்பர் டைசனும் அவரோடு ஆக்ஸ்ஃபோர்டில் நடந்துகொண்டே பேசினார்கள். பேச்சு நள்ளிரவையும் தாண்டிப் போனது. அன்றைக்கும் லூயிஸ் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. சில நாள் கழித்து, அண்ணன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து ஒரு மிருகக்காட்சி சாலைக்குப் போனார். புறப்படும்போது இயேசு தேவகுமாரன் என்று நம்பவில்லை, போய்ச் சேர்ந்தபோது நம்பினேன் என்று எழுதியிருக்கிறார். அந்த நேரம் அந்த நண்பர்கள் அவர் பக்கத்திலேயே இல்லை. ஐந்து வருட நட்பும் ஒரு நீண்ட இரவின் பேச்சும் அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தன. விளையச் செய்கிறவர் தேவன் என்று நாமே பிரசங்கத்தில் சொல்கிறோம், அப்புறம் விளைச்சலின் கணக்கை நட்டவனிடம் கேட்கிறோம்.

கணக்குக் கேட்பதால் வருகிற கெடுதல் என்ன தெரியுமா? எண்ணிக்கை வேண்டும் என்றால், சீக்கிரம் சரி சொல்லக் கூடியவர்களைத் தேடிப் போவோம். நோயில் இருக்கிறவர்கள், கடனில் இருக்கிறவர்கள், துக்க வீட்டுக்காரர்கள். அவர்களிடம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இயேசு அவர்களிடம்தான் போனார். ஆனால் அவர்களுடைய பலவீனமான நேரத்தை நமக்கு வாய்த்த சந்தர்ப்பமாகப் பார்க்கிற கண் நமக்கு வந்துவிடக் கூடாது. உலகத் திருச்சபைகள் மன்றமும், கத்தோலிக்கத் திருச்சபையில் மற்ற மதத்தாரோடு உரையாடுவதற்கென்று உள்ள அமைப்பும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் ஐந்து வருடம் கலந்து பேசி 2011ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பல காரியங்களில் ஒத்துப்போகாத மூன்று தரப்புகள் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றன. சாட்சி சொல்வது கிறிஸ்தவனின் பொறுப்பு, மனமாற்றம் கடைசியில் பரிசுத்த ஆவியானவரின் செயல் என்கிறது அது. ஆசை காட்டுவதும், ஏமாற்றுவதும், வற்புறுத்துவதும் சுவிசேஷத்துக்கே துரோகம் என்றும், மற்றவர்களுடைய மதத்தைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. அதை நம் வகுப்பில் முதல் நாளே வாசித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மற்ற மதங்களின் குறைகளைப் பட்டியல் போட்டு எங்களுக்குக் கொடுத்தீர்கள். என்னோடு வேலை பார்க்கிற அந்தத் தோழியின் அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர். அந்த அம்மாவின் பக்தியைக் கொச்சைப்படுத்திவிட்டு என் ஆண்டவரின் அன்பை எப்படி அவளிடம் சொல்வேன்?

நீங்கள் வகுப்பில் அடிக்கடி சொன்ன வசனம் ஒன்று உண்டு. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." பேதுரு சொன்ன ஆயத்தத்தை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தீர்கள். ஆனால் வசனத்தில் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கவனிக்கத்தான் நாம் பழகவில்லை. சாந்தமும் வணக்கமும் குரலைத் தாழ்த்திப் பேசுவதோடு முடிகிற காரியமா? முதலில் அவருக்குக் காது கொடுக்க வேண்டும், வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை அப்படியே மதிக்க வேண்டும்.

சில மாதம் போன பிறகு நானே என் தோழியிடம் போனேன். அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, மன்னித்துக்கொள், இப்போது சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றாள். தங்கையைப் பற்றிச் சொன்னேன். ஜெபிக்க முடியாத அந்த வருடத்தைப் பற்றிச் சொன்னேன். ஏன் அவள் பிழைக்கவில்லை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது என்றும், ஆனாலும் நான் தனியாக இல்லை என்பது தெரியும் என்றும், அந்தத் துணைக்கு நான் வைத்திருக்கிற பெயர் இயேசு என்றும் சொன்னேன். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், வெகுநேரம் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதெல்லாம் நடந்தும் அவள் கிறிஸ்தவளாகவில்லை. ஆவாளா என்றும் எனக்குத் தெரியாது. ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதை அவளிடம் மறைக்கவும் இல்லை. அவள் எப்படி முடிவு செய்தாலும் எங்கள் நட்பு மாறாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த வகுப்பில் அந்த மூன்று நிமிட மாதிரியை ஒதுக்கி வைத்துவிட்டு, அவரவர் கதையை அவரவர் மொழியில், முடியாத பகுதிகளையும் சேர்த்து, எழுதச் சொல்லுங்கள். பெரிய அற்புதம் எதுவும் நடக்காதவர்கள், சின்ன வயதிலிருந்தே விசுவாசத்தில் வளர்ந்தவர்கள், தங்களிடம் சாட்சியே இல்லை என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை முதலில் பேச விடுங்கள். பாதி நேரத்தைப் பேசவும் பாதி நேரத்தைக் கேட்கவும் பழக்குங்கள். பிசாசு பிடித்திருந்து விடுதலை பெற்ற மனுஷன் உம்மோடு வருகிறேன் என்று கேட்டபோது, உன் வீட்டாரிடம் போய்க் கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்றுதான் இயேசு அவனை அனுப்பினார். பயிற்சி ஒன்றும் கொடுத்ததாக மாற்கு எழுதவில்லை. தெக்கப்போலி நாடெங்கும் அவன் அதைச் சொன்னான்.

படிவத்தை இந்த மடலோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். முதல் கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதை வெறுமையாக விட்டிருக்கிறேன். பின்பக்கத்தில், ஒரு தாய்க்காகவும் மகளுக்காகவும் சபை ஜெபிக்கும்படி கேட்டிருக்கிறேன். பெயரைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயர் வேண்டாம் அக்கா, ஆனால் ஜெபிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் வகுப்பில் இருந்த ஒரு சகோதரி