மின்தடை அறிவித்தலும் என் கற்பூரவள்ளிப் பாணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பாண் அரைவாசியில் நின்றுபோனது. உங்கள் பத்திரிகையின் 13 ஆம் பக்கத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் மகள் போன வருடம் வந்தபோது பாண் சுடும் மெஷின் ஒன்று கொண்டுவந்து தந்தாள். உள்ளே வாளி மாதிரி ஒரு பாத்திரம், அதன் அடியில் மாவைக் குழைக்கச் சின்னத் தகடு. தண்ணீர், எண்ணெய், உப்பு, சீனி, கோதுமை மா எல்லாம் போட்டு, மாவின் நடுவில் ஒரு குழி செய்து அதற்குள் ஈஸ்டை வைத்து மூடினால் போதும். குழைப்பதும் பொங்க விடுவதும் சுடுவதும் அதன் பாடு. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட் என்பதால் பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கனடாவில் இருந்து வந்தது 120 வோல்ட் மெஷின். பார்க்காமல் செருகினார்கள், முதல் நாளே புகைந்துவிட்டது. சாமான் அனுப்புகிற பிள்ளைகள் இதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

"றோட்டால பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ போகுது, நீ ஏன் மூன்றரை மணித்தியாலம் கரண்டைச் செலவழிக்கிறாய்?" என்று இவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கற்பூரவள்ளி போட்ட பாண் எந்த ஓட்டோவிலும் வராது.

மெஷினோடு வந்த புத்தகத்தில் மூலிகைப் பாணுக்கு ஓரிகானோவும் றோஸ்மேரியும் போடச் சொல்லியிருந்தது. மகள் தந்த பைக்கற் முடிந்ததும் கிணற்றடிக்குப் போனேன். ஓரிகானோவுக்கு வாசனை தரும் காவக்ரோல் என்ற பொருள் எங்கள் கற்பூரவள்ளியிலும் இருக்கிறது. முகர்ந்து பார்த்தாலே தெரியும். சரி என்று பத்து இலையைக் கழுவி, அரிந்து, ஈரத்தோடு போட்டேன். அந்த இலை முழுக்கத் தண்ணீர், மா களியாகிவிட்டது. அடுத்த தடவை ஆறு பல் உள்ளியைப் பச்சையாக நசித்துப் போட்டேன். பாண் எழும்பவே இல்லை, செங்கல் மாதிரி வந்தது. மதுவம், அதுதான் ஈஸ்ட், சீனியை நொதிக்கச் செய்து காபனீரொட்சைட்டு வாயுவைத் தரும், அதனால்தான் பாண் பொங்குகிறது என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிய விஞ்ஞான ஆசிரியை நான். பச்சை உள்ளி நுண்ணங்கிகளை அடக்கும் என்பது அன்றைக்குப் பார்த்து மறந்துபோனது.

இப்போது கை படிந்துவிட்டது. எட்டு இலையைத் துணியில் ஈரம் போக ஒற்றி, பொடியாக அரிந்து, உள்ளியோடு சேர்த்து இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் வதக்கி ஆறவிடுவேன். குழைத்துக்கொண்டிருக்கும்போது மெஷின் ஒருதரம் 'பீப்' என்று கூப்பிடும், அப்போதுதான் போட வேண்டும். எங்கள் கடை மா லண்டன் மா அளவுக்குத் தண்ணீர் குடிக்காது. அதனால் 500 கிராம் மாவுக்குப் புத்தகம் சொன்ன 310 மில்லிலீற்றரை 290 ஆகக் குறைத்தேன். இந்த வெக்கைக்கு ஈஸ்டும் ஒரு தேக்கரண்டி போதும், தண்ணீரும் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிடுகிடுவென்று பொங்கி, சுடும்போது நடுவில் இறங்கிவிடும்.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலை 6.30 க்கு மெஷினைப் போட்டேன். 8.30 க்கு, மா இரண்டாம் தரம் பொங்குகிற நேரத்தில், கரண்ட் நின்றது. பத்து நிமிடம் என்றால் விட்ட இடத்தில் இருந்து தொடரும் மெஷின்தான். ஆனால் மாலை ஐந்து மணிவரை என்றால் அது என்ன செய்யும்? மாவை எடுத்துத் தட்டித் தோசைக்கல்லில் சுட்டேன். இவர் சம்பலோடு மூன்று சாப்பிட்டுவிட்டு, "உன்ர பாணைவிட இது நல்லாயிருக்கு" என்றார். கரண்ட் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

கரண்ட் இல்லாமல் இருக்கத் தெரியாதவள் இல்லை நான். சண்டைக் காலத்தில், 1990 இலிருந்து எத்தனை வருடம் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியிருக்கிறேன். அப்போது பாணும் விறகுப் போறணையில்தான் வெந்தது. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்டை வெட்டியபோதுகூட, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆங்கில எழுத்தைக் கொடுத்து, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டினார்கள். கம்பி மாற்றவும் மரக்கிளை வெட்டவும் கரண்டை நிறுத்தத்தான் வேண்டும், அதில் குறை இல்லை.

அறிவித்தலும் வந்துதான் இருந்தது. அன்று காலையிலேயே, 13 ஆம் பக்கத்தில், ரியூசன் விளம்பரத்துக்கும் காணி விற்பனைக்கும் நடுவில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். பத்திரிகை எங்கள் படலைக்கு வர ஏழு மணியாகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முடிந்தால் முதல்நாளே போடுங்கள். அதையும் மரண அறிவித்தல் பக்கத்தின் மேல் மூலையில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையை விரித்ததும் அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர் யார்? என் பாணுக்காக மட்டும் கேட்கவில்லை. வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள், ஐஸ்பழம் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள், மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பி வைக்க வேண்டிய முதியவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரைப் போடும்போது வெறுமனே கோண்டாவில் என்று போடாமல், கிழக்கா மேற்கா என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமையும் பாண் போட இருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியை,
கோண்டாவில் கிழக்கு.