கீபோர்டு கேட்கவில்லை என்றால் ஃபேடரை ஏற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவிழா மேடையோ கல்யாண வரவேற்போ, மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு சத்தமாக வருகிறது. என்ன வாசிக்கிறார் என்பது மட்டும் பிடிபடுவதில்லை. மிக்ஸரில் இருப்பவர் ஃபேடரை, அதாவது அந்தச் சேனலின் சத்த அளவைக் கூட்டும் தள்ளுகுமிழை, ஏற்றுகிறார். குரல் அமுங்குகிறது. குரலையும் ஏற்றுகிறார். கடைசியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் இடைஞ்சலான அலைவெண்களை வெட்டிப் பார்த்தால் இவ்வளவு தூரம் போகாது.

61 கட்டை கீபோர்டின் அடி ஸ்வரம் சுமார் 65 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் குடியிருக்கும் இடம் அது. பேஸ் கிட்டார் மேடையில் இருந்தால் கீபோர்டு சேனலில் அடி அலைவெண்களை வெட்டும் லோ-கட் பொத்தானைத் தயங்காமல் அழுத்தலாம். அடுத்த இடைஞ்சல் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. பியானோவோடு ஸ்ட்ரிங்ஸையும் சேர்த்து வாசிக்கும்போது இங்கேதான் மொத்தமாகக் குவிந்து, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மிட் குமிழை 6 டெசிபல் ஏற்றி, அலைவெண் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். எங்கே மிக மோசமாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தி, மிட் குமிழைப் பூஜ்யத்துக்குக் கீழே 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். இதைக் கச்சேரிக்கு முன்பே செய்துவிட வேண்டும். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பாடகரின் வல்லின எழுத்துகள் தெளிவது அந்த இடத்தில்தான்.

பலமான ஒலியை அமுக்கிச் சமன்செய்யும் கம்ப்ரஸர், பியானோ, எலெக்ட்ரிக் பியானோ டோன்களுக்கு உதவும். ஆர்கன் ஏற்கெனவே ஒரே மட்டத்தில் ஒலிப்பது, அதற்குத் தேவையே இல்லை. அமுக்கும் விகிதம் 3:1, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்) 20 முதல் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விடுவிக்கும் வேகம்) 150 மில்லிசெகண்ட் அளவில் வைத்து, பலமாக வாசிக்கும்போது 3, 4 டெசிபல் குறைந்தால் போதும். அட்டாக்கை 1 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோனால் கட்டை விழும் அந்த முதல் தட்டு நசுங்கிவிடும். தெளிவு அந்தத் தட்டில்தான் இருக்கிறது. 10 டெசிபல் அமுக்கி, அதை ஈடுகட்டும் மேக்கப் கெயினை ஏற்றினால் ஸ்வரத்தின் பின்னால் ரிவெர்ப் எனும் எதிரொலியின் வாலும் இரைச்சலும் கிளம்பி வரும். இன்னொன்று, பெரும்பாலான அனலாக் மிக்ஸர்களில் கம்ப்ரஸரை இணைக்கும் இன்சர்ட் துளை இருப்பது, மிட் போன்ற குமிழ்கள் உள்ள ஈக்யூவுக்கு முன்னால். லோ-கட் போடாமல் விட்டால் இடக்கை வாசிக்கும் கீழ்ஸ்தாயி ஸ்வரம் ஒவ்வொன்றும் கம்ப்ரஸரைத் தூண்டி, வலக்கை மெட்டையும் சேர்த்து இழுத்துவிடும்.

கேபிள் சரியில்லாவிட்டால் இவை எதுவும் பலிக்காது. ஐந்தாறு மீட்டருக்கு மேல் சாதாரண ஜாக் கேபிளை இழுக்காமல், கீபோர்டு பக்கத்திலேயே, அதன் ஒலியை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் வைக்க வேண்டும். உறுமல் வந்தால் அதில் ஒலிக் கேபிளின் கிரவுண்டை மட்டும் விலக்கும் கிரவுண்ட் லிஃப்டைப் போடலாம்; பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவது உயிருக்கே ஆபத்து. ஒரே சேனல்தான் என்றால் லெஃப்ட்/மோனோ என்று எழுதிய துளையில் மட்டும் சொருக வேண்டும்.

டோனுக்கு டோன் சத்தம் ஏறி இறங்குவதைக் கம்ப்ரஸர் சரிசெய்யாது. அதைக் கலைஞர்தான் கீபோர்டுக்குள்ளேயே சமன்செய்து சேமிக்க வேண்டும். விழாக் குழுவினர் பொன்னாடை, வரவேற்புரைக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை ஒலிச் சோதனைக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மேடை ஒலியமைப்பாளர்கள்,
திருச்சி