பெரிய பிக்கப் வேண்டாம், சிங்கிள் கப் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2025 ஜூலையில் ஜப்பானோடு வரிப் பேச்சு முடிந்த கையோடு, ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் இனி ஜப்பானுக்கும் போகும் என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் சொன்னார். எங்கள் ஊர்ப் பெடியளுக்கும் இப்போது அதே ஆசை, இலங்கையில் வாகன இறக்குமதிதான் 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டதே, அந்தப் பெரிய கப் (பிக்கப்) இங்கேயும் வந்தால் என்ன என்று கேட்கிறார்கள். நான் முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறேன், பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றும் ஓட்டுகிறேன். கொம்பனிகள் அதை அப்படியே எங்களுக்கு அனுப்பக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அரிவு வெட்டு நேரத்தில் வாய்க்கால் வீதிக்கு ஒருமுறை வந்து பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் கிரவல். எதிரே பெட்டி பூட்டிய உழவு மெசின் வந்தால், ஒன்றரை மீற்றர் அகலமான என் பட்டாவே மதகு வரை பின்னுக்குப் போய்த்தான் வழிவிட வேண்டும். எஃப்-150 கண்ணாடிகளை விட்டாலே இரண்டு மீற்றருக்கு மேல், கண்ணாடிகளோடு கிட்டத்தட்ட 2.4 மீற்றர். அது எங்கே ஒதுங்கும்?

சரி, அந்தப் பருமனுக்கு அதிகமாக ஏற்றுமா என்றால் அதுவும் இல்லை. சாதாரண எஃப்-150 ஏற்றுவது ஒரு தொன் அளவுதான், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பும் அதே ஒரு தொன்னை ஏற்றும், 65 கிலோ நெல் மூட்டை என்றால் இரண்டிலும் பதினைந்துதான். பெரிய வண்டியின் பலம் இழுப்பதில் இருக்கிறது, இங்கே இழுக்கிற வேலைக்கு உழவு மெசின் இருக்கிறது. போதாததற்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அவுஸ்திரேலியாவில் கொண்டுபோய் இறக்கியபிறகு பிரித்து வலப்பக்கம் மாற்றித்தான் விற்கிறார்கள், விலை ஒரு இலட்சம் அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டுகிறது.

அமெரிக்கா 1964 இல் வெளிநாட்டு பிக்கப்புகளுக்கு 25 வீத வரி போட்டது. ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்ட கோபத்தில் வந்த வரி அது, இன்றும் இருக்கிறது. வெளிப்போட்டி குறைந்த சந்தையில் தங்கள் அகன்ற வீதிகளுக்கென்றே வளர்த்த வண்டியை இப்போது உலகம் முழுக்க வாங்கச் சொல்வது நியாயமா?

போன காலபோகத்தில் என் பட்டாவின் கிளச் போய், கொழும்பிலிருந்து பாட்ஸ் வர ஆறு நாள் காத்திருந்தேன், களத்தில் கிடந்த நெல் மழையில் நனைந்தது. ஊரெல்லாம் ஓடுகிற பட்டாவுக்கே இந்தக் கதி என்றால் எஃப்-150க்குப் பாட்ஸ் எங்கே தேடுவது? 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி எரிபொருள் அடித்ததையும் நாங்கள் மறக்கவில்லை, அந்தப் பெரிய பெற்றோல் எஞ்சினுக்கு யார் ஊற்றுவது?

ஏற்றுமதி செய்யத்தான் வேண்டும் என்றால் வலப்பக்க ஸ்டியரிங், சிறிய டீசல் எஞ்சின், நீளமான பெட்டியோடு, முன் இருக்கை மட்டும் உள்ள ஒரு சிங்கிள் கப் செய்து அனுப்பட்டும், பாட்ஸை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வைத்து விற்கட்டும். அப்படி ஒன்று வந்தால் பட்டாவை விற்றுவிட்டு நானே வாங்குவேன்.

இப்படிக்கு,
வயல்காரன் ஒருவன்,
ஒட்டுசுட்டான்